கடாரம் இரண்டு: வகைக்கு ஒரு நாவல்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒருநாள் ஒரு கேள்வி கேட்டேன். "கடாரம் கொண்டான் என்று பெயர் பெற்ற மன்னன் யார்?" வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை சொன்னது: "இராஜேந்திர சோழன், ஐயா!" அந்தக் கடாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "நம் கெடாதான், ஐயா!" மகிழ்ச்சியாக இருந்தது. அடுத்த கேள்வியைக் கேட்டேன். "சரி, உங்கள் குடும்பத்தில் முதன்முதலாக இந்தக் கடாரத்துக்கு வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து வந்தார்?" வகுப்பில் ஓசையே இல்லை. ஒரு சிறுமி மட்டும், "பாட்டியைக் கேட்டுவிட்டு வருகிறேன்" என்றாள். மறுநாள் வந்து, "பாட்டிக்கும் தெரியாதாம், ஐயா" என்றாள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்த மன்னனை நமக்குத் தெரிகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் வந்த பாட்டனைத் தெரியவில்லை. இது எப்படி நேர்ந்தது என்று எண்ணிப் பார்த்தேன். மன்னனின் கடாரத்தை நமக்குச் சொன்னவை வரலாற்று நாவல்கள். பாட்டனின் கடாரத்தைச் சொல்லும் நாவல்களும் தமிழில் உள்ளன. ஆனால் நாம் அவற்றைத் திறக்கவில்லை. ஒரே வகை நாவலை மட்டும் படித்துப் பழகியதால் வந்த குறை இது. ஆகவே, தமிழ் நாவல் எப்படி வகை வகையாக வளர்ந்தது, ஒவ்வொரு வகையிலும் எதைப் படிக்கலாம் என்பதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தமிழில் செய்யுள் மிகப் பழையது, நாவலோ இளையது. மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படுகிறது. தமிழில் உரைநடை நூல்கள் போதிய அளவில் இல்லையே என்ற கவலைதான் அவரை எழுதத் தூண்டியது. 1885-இல் இலங்கையின் கண்டியைச் சேர்ந்த சித்தி லெப்பை 'அசன்பே சரித்திரம்' எழுதினார். அடுத்து வந்தது ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்து, 1896-இல் நூலாயிற்று. இதை எழுதியவர் 1898-இல், தம் 26-ஆம் வயதில் மறைந்துவிட்டார்.

இந்தத் தொடக்க கால நாவல்களில் ஒன்றைப் படிக்க வேண்டுமானால் 'கமலாம்பாள் சரித்திர'த்தையே சொல்வேன். ஒரு கிராமத்துப் பெண்கள் கூடிப் பேசும் பேச்சு அதில் அப்படியே காதில் விழும். வடமொழி கலந்த பழைய நடை முதலில் சற்றுத் தடுக்கும். இருபது பக்கம் பொறுத்துக்கொண்டால் பிறகு நடை தானே பழகிவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்ப் படிப்பாளிகளைப் பெருக்கியவை துப்பறியும் நாவல்கள். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் இத்துறையில் பெயர் பெற்றவர்கள். இவர்கள் பிறநாட்டுக் கதைகளைத் தழுவியும், சொந்தமாகக் கற்பனை செய்தும் எழுதிக் குவித்தார்கள். வடுவூராரின் 'மேனகா' 1935-இல் திரைப்படமாகவும் வந்தது. பின்னாளில் தமிழ்வாணன், தேநீர்ப் பிரியரான சங்கர்லாலைப் படைத்தார். சுஜாதா, கணேஷ்–வசந்த் என்னும் இரு வழக்கறிஞர்களைப் படைத்தார்.

"இதெல்லாம் இலக்கியமா?" என்று முகம் சுளிப்போர் உண்டு. ஆசிரியன் என்ற முறையில் நான் முகம் சுளிக்க மாட்டேன். புத்தகத்தைக் கையில் எடுக்காத பையனை எடுக்க வைப்பது இந்த வகைதான். அதோடு, துப்பறியும் கதை ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுத் தருகிறது. யார், எப்போது, எங்கே, எதைக் கண்டார் என்று அது விடாமல் கேட்கிறது. இந்தக் கேள்விகள் நமக்குப் பின்னர் தேவைப்படும். இவ்வகையில் சுஜாதாவின் 'நைலான் கயிறு' படிக்கலாம், 1968-இல் வெளிவந்தது, ஒரே மூச்சில் படித்து முடிக்கும் அளவுடையது. அதே ஆசிரியரின் 'என் இனிய இயந்திரா' அறிவியல் நாவல் வகையைச் சேர்ந்தது. 1980-களில் எழுதப்பட்ட அந்நாவல் 2021-ஆம் ஆண்டையொட்டிய காலத்தைக் கற்பனை செய்தது. ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டி அதில் மனிதரைப்போல் பேசிச் சிந்திக்கிறது. கதையில் வரும் ஆண்டு கடந்துபோன பின் அதைப் படிப்பதில் ஒரு தனிச்சுவை உண்டு. ஆசிரியர் எண்ணியதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று மாணவர்கள் தாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இனி, நம் வீடுகளில் மிகுதியாகப் படிக்கப்பட்ட வரலாற்று நாவலுக்கு வருவோம். கல்கி 1940-களில் 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' ஆகியவற்றை எழுதினார். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னைத் தொடராக எழுதினார். தோட்டத்து லயங்களில் கல்கி, குமுதம் இதழ்களின் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, ஊசிநூலால் தைத்து, அட்டை போட்டு, வீட்டுக்கு வீடு கைமாற்றிப் படித்த காலம் ஒன்று இருந்தது. எழுத்தறியாதவர்கள் வாசலில் அமர்ந்து, படிக்கத் தெரிந்த பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். 2022, 2023-ஆம் ஆண்டுகளில் 'பொன்னியின் செல்வன்' திரைப்படமாக வந்தபோது, இக்காலப் பிள்ளைகளும் வந்தியத்தேவனை அறிந்துகொண்டார்கள்.

கெடா மக்களாகிய நமக்கு இவ்வகையில் இன்னும் இரண்டு நாவல்கள் உண்டு. ஒன்று, அகிலனின் 'வேங்கையின் மைந்தன்'. இராஜேந்திர சோழன் காலத்தைக் களமாகக் கொண்ட இந்நூல் 1963-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. மற்றொன்று, சாண்டில்யனின் 'கடல் புறா'. கருணாகரப் பல்லவன் என்னும் வீரனையும் கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியையும் வைத்து மூன்று பாகங்களாக விரியும் கடற்கதை அது.

வரலாற்று நாவலைப் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்: "இதில் எது கல்வெட்டு, எது கற்பனை?" இராஜேந்திரன் 1025-இல் கடற்படை அனுப்பியது உண்மை. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள அவனுடைய கல்வெட்டு ஸ்ரீவிசயம், மாநக்கவாரம், கடாரம் முதலிய இடங்களை வரிசையாகச் சொல்கிறது. கடாரத்து அரசனின் பெயர் சங்கிராம விசயோத்துங்க வர்மன் என்பதையும் அது குறித்து வைத்திருக்கிறது. இது கல்வெட்டு. காஞ்சனாதேவியின் காதல் கற்பனை. இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடலாகாது. விடுமுறை நாளில் பிள்ளைகளை மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். ஜெராய் மலையடிவாரத்தில் உள்ள சண்டி புக்கிட் பத்து பகாட் என்னும் பழங்கோயிலின் கல் அடித்தளத்தைக் காட்டுங்கள். கையால் தொட்டுப் பார்த்த கல், நாவலில் வரும் கோட்டையைவிட நெடுநாள் நினைவில் நிற்கும்.

அரண்மனையிலிருந்து வெளியே வந்து வீட்டுக்குள்ளும் வயலுக்குள்ளும் நுழைந்தது சமூக நாவல். ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் 'நாகம்மாள்' எழுதினார். கொங்கு நாட்டு உழவர் குடும்பம் ஒன்றில், கணவனை இழந்த நாகம்மாள் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். அந்தக் கேள்வியால் ஒரு குடும்பமே நிலைகுலைந்து போகிறது. கொங்குத் தமிழ் மணக்கும் இந்தச் சிறிய நாவலை வட்டார நாவலின் முன்னோடி என்பர். கும்பகோணத்தின் தெருக்களையும் இசையையும் அறிய விரும்புவோர், சற்று வயது வந்த பின், தி. ஜானகிராமனின் 'மோகமுள்' படிக்கலாம்.

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பிறந்த கதை சுவையானது. அவர் முதலில் 'அக்கினிப் பிரவேசம்' என்று ஒரு சிறுகதை எழுதினார். அதில், வஞ்சிக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் நீரை ஊற்றி, "நீ சுத்தமாகிவிட்டாய்" என்ற பொருளில் அவளை ஏற்றுக்கொள்கிறாள். படித்தவர் பலர் சினந்தனர். "தாய் அவ்வாறு ஏற்காமல், ஊரறியக் கதறியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள்?" என்று ஜெயகாந்தன் எண்ணிப் பார்த்தார். அந்த எண்ணத்திலிருந்து 1970-இல் நாவல் பிறந்தது. 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. ஒருவரை ஊர் எப்படி நடத்துகிறது, ஏன் அப்படி நடத்துகிறது என்று கேட்பதே சமூக நாவலின் வேலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ராஜம் கிருஷ்ணனையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர் மேசையின் முன் அமர்ந்து மட்டும் எழுதியவர் அல்லர். எழுத எடுத்துக்கொண்ட மக்களிடையே நேரில் சென்று, பேசி, பார்த்து எழுதியவர். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி 1979-இல் அவர் எழுதிய 'கரிப்பு மணிகள்' அதற்குச் சான்று. உப்பளத்து வெயிலும் தோட்டத்து விடியற்காலைப் பனியும் வேறு வேறுதான். ஆயினும் கால் வெடித்த உழைப்பாளியின் கதையைப் படிக்கும்போது, பால்வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர்க்கு அது அயலார் கதையாகத் தோன்றாது.

இங்கிருந்து நம் கரைக்கு வருவோம். கூலிமிலிருந்து பினாங்கு எட்டிப் பிடிக்கும் தூரம். அந்தப் பினாங்கைத் தமிழ் நாவலில் நிலைநிறுத்தியவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் பிறந்த இவர், 1938-இல் சுமத்திராவின் மேடானுக்கு ஒரு வட்டிக்கடையில் வேலைக்குச் சென்றார். ஜப்பானியர் ஆட்சியைக் கண்ணால் கண்டார். போருக்குப் பின் ஊர் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் பணியாற்றினார். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே: 1959-இல் 'கடலுக்கு அப்பால்', 1972-இல் 'புயலிலே ஒரு தோணி'. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து போராடிவிட்டு, மறுபடியும் பினாங்கு வட்டிக்கடைக்குத் திரும்பும் செல்லையாவின் கதை முதல் நாவல். முதலில் இதைப் படியுங்கள். பிறகு, சற்றுக் கடினமான இரண்டாவதைப் படியுங்கள். போரும் கடலும் புலம்பெயர்ந்த வாழ்வும் கலந்த இத்தகைய நாவல் தமிழில் அரிது.

பினாங்கில் இறங்கியவர்களில் வட்டிக்கடைக்குச் சென்றோர் சிலர். தோட்டத்துக்குச் சென்றோர் மிகப் பலர். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்குக்கு அருகில் ஜெரஜா தீவில் தனித்து வைக்கப்பட்டு, பிறகு கங்காணியின் பின்னால் நடந்து செம்மண் சடக்கில் வந்தவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றிய நாவலே தோட்ட நாவல்.

இவ்வகையின் தொடக்கத்தில் ஒரு குறுநாவல் நிற்கிறது. 1935-இல் புதுமைப்பித்தன் எழுதிய 'துன்பக்கேணி' அது. வறுமையால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் மருதி என்னும் பெண்ணின் கதை. வால்பாறைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். 2013-இல் வந்த 'பரதேசி' திரைப்படத்துக்கு அதுவே அடிப்படை. மொழிபெயர்ப்பு நாவல் வகையில் ஒன்று படிக்க விரும்புவோர் இதை எடுத்துக்கொள்ளலாம்.

மலேசிய மண்ணைப் பொறுத்தவரை, 1917-இல் வெங்கடரத்தினம் எழுதிய 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' முதல் நாவலாகக் கருதப்படுகிறது. ஆயினும் பால்மரக்காடு நாவலின் களமாக நிலைபெறப் பல்லாண்டுகள் ஆயின. ம. குமாரன் 'செம்மண்ணும் நீல மலர்களும்' எழுதினார். தமிழகத்திலிருந்து இங்கு வந்து சென்ற அகிலன் 1977-இல் 'பால்மரக்காட்டினிலே' எழுதினார். சோழனின் வெற்றியை எழுதிய அதே கை, பால்வெட்டுத் தொழிலாளியையும் எழுதியது. நான் சொன்ன இரண்டு கடாரங்களும் ஒரே எழுத்தாளரிடம் சந்தித்துக்கொண்ட இடம் அது.

ஜப்பானியர் காலத்தின் பெருந்துயரத்தையும் நம்மவர்கள் எழுதினார்கள். 1942-43-இல் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். பசியாலும் காலராவாலும் மடிந்தவர்களுக்குக் கணக்கும் இல்லை, கல்லறையும் இல்லை. அவர்களுக்கு நாவலாசிரியர்கள் நினைவுக்கல் நாட்டினார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய இரண்டில் ஒன்றையேனும் மலேசியத் தமிழர் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும்.

கெடாவிலேயே பிறந்த நாவல்களும் உண்டு. நம் மாநிலத்தவரான சீ. முத்துசாமி 'மண்புழுக்கள்' நாவலில் தோட்டத்து மக்களின் பேச்சையே நடையாகக் கொண்டார். 2017-ஆம் ஆண்டுக்கான விஷ்ணுபுரம் விருது தமிழகத்தில் அவருக்கு வழங்கப்பட்டது. கூலிமுக்கு அடுத்த லூனாசைச் சேர்ந்த ம. நவீன் 2019-இல் 'பேய்ச்சி' வெளியிட்டார். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அந்நாவலுக்குத் தடை விதித்தது. ஆதலால் படிக்கும் பட்டியலில் அதை நான் சேர்க்கவில்லை. ஆனால் நம் வட்டாரத்து நாவல் வரலாற்றைச் சொல்பவன் அதை விட்டுவிட்டுச் சொல்ல இயலாது.

நேயர்களே, இவ்வளவையும் இன்று ஏன் வலியுறுத்துகிறேன்? தோட்டங்கள் மறைந்துகொண்டிருக்கின்றன. 1950-களின் பிற்பகுதியில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது தொழிலாளர் வீடிழந்தனர். அதைத் தடுக்கவே 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைத்தது, அது நன்மையே. ஆனால் லயம் இடிந்தபோது, ஆயாக் கொட்டகையும் பெரட்டுக் களமும் இருந்த இடம் தெரியாமல் போயின. அங்கே சண்டி போல் கல் அடித்தளம் எதுவும் எஞ்சவில்லை. பலகை வீடு சுவடு வைத்துவிட்டுப் போவதில்லை. இராஜேந்திரனுக்குக் கல்வெட்டு இருக்கிறது. நம் பாட்டனுக்கு இருப்பது நாவல் மட்டுமே.

ஆகவே என் பட்டியல் இதுதான். தொடக்க கால நாவலுக்குக் 'கமலாம்பாள் சரித்திரம்'. துப்பறியும் நாவலுக்கு 'நைலான் கயிறு'. அறிவியலுக்கு 'என் இனிய இயந்திரா'. வரலாற்றுக்கு 'வேங்கையின் மைந்தன்'. வட்டாரத்துக்கு 'நாகம்மாள்'. சமூகத்துக்குச் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. உழைப்பாளர் வாழ்வுக்குக் 'கரிப்பு மணிகள்'. மொழிபெயர்ப்புக்கு 'எரியும் பனிக்காடு'. கடல் கடந்த வாழ்வுக்குக் 'கடலுக்கு அப்பால்'. போர்க்காலத்துக்குச் 'சயாம் மரண ரயில்'. நம் தோட்டத்துக்கு 'மண்புழுக்கள்'. மாதம் ஒன்றாகப் படித்தால் ஓராண்டுக்குள் முடித்துவிடலாம். பதினோரு நூல்களுக்குப் பின் ஒரு மாதம் மிச்சமாகும்.

அந்தப் பன்னிரண்டாம் மாதத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டிலுள்ள முதியவரிடம் சென்று அமருங்கள். துப்பறிவாளனைப்போல், யார், எப்போது, எங்கிருந்து என்று கேளுங்கள். சமூக நாவலாசிரியரைப்போல், ஏன் வந்தார்கள் என்று கேளுங்கள். வரலாற்று நாவலைப் படித்தவராக, எது கண்டது, எது கேட்டது என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் நினைவுக்கு வராமல் போகலாம், வந்தவரை எழுதுங்கள்.

பாட்டிக்குத் தெரியாது என்று சொன்ன அந்தச் சிறுமி சில நாள் கழித்து மறுபடியும் வந்தாள். கப்பலின் பெயரோ ஊரின் பெயரோ பாட்டிக்குத் தெரியவில்லை. ஆனால், பாட்டியின் தாய் ஊரிலிருந்து வரும்போது முந்தானையில் ஒரு பிடி புளியங்கொட்டை முடிந்து வந்தாளாம். இங்கே வந்தும் பல்லாங்குழி ஆட வேண்டுமே என்று! அந்த ஒரு வரியை அவள் தன் பயிற்சிப் புத்தகத்தில் எழுதிக் காட்டினாள். கடாரத்தின் இரண்டாவது வரலாறு அப்படித்தான் ஒவ்வொரு வரியாகச் சேர வேண்டும்.